ஜப்பானியம் பேசும்போது எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஹிரகானா 46 எழுத்தும் தெரியும். சில நூறு சொற்கள் கைவசம் உண்டு. பாடப்புத்தகப் பயிற்சிகளும் சரியாகவே வருகின்றன. ஆனால் ஒரு ஜப்பானியரிடம் நான்கு வாக்கியம் பேசினால் இரண்டில் அவர் முகம் லேசாகச் சுருங்குகிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வின் எந்த நிலையிலும் பேச்சுப் பகுதி கிடையாது. அதனால் அதன் தொடக்க நிலையான என்5 தேறிய பிறகுகூட இந்தத் தடுமாற்றங்கள் உள்ளே ஒளிந்தே இருக்கும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நமக்குக் கிடைக்கும் புத்தகங்கள் ஆங்கிலம் வழியாக ஜப்பானியத்தை விளக்குகின்றன. தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஜப்பானியத்துக்குப் போகிறோம். இது தேவையே இல்லாத சுற்றுவழி. வினை கடைசியில் வருவது, வேற்றுமைக் குறி பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் ஒரே முற்றில் முடிப்பது என எல்லாமே இரண்டு மொழிக்கும் பொது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கற்பவருக்கு அந்த விவாதம் தேவையில்லை, அமைப்பு ஒத்துப்போகிறது என்பதே போதும்.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் வேலை, அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது. பாதித் தவறுகள் அங்கேயே தீரும். மீதி, தமிழே நம்மைத் தவறான பக்கம் இழுக்கும் இடங்கள். கீழே இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது வசதிக்காக மட்டும். 'ட' வருமிடத்தில் டெல்லியின் முதல் ஒலியைப் போடுங்கள். எழுவாயோடு வரும் 'க'வை 'கங்கை'யின் முதல் ஒலி போலச் சொல்லுங்கள். கேள்விக்கு வரும் குறியை, அதோடு குழம்பாமல் இருக்க, 'கா' என்று நீட்டியிருக்கிறேன். சாவியையும் சீமைப் பனிச்சைப் பழத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி'தான். அதனால் உங்கள் குறிப்பேட்டில் ஹிரகானாவிலேயே எழுதுங்கள்.

## 'வ' போடுவதா 'க' போடுவதா என்று ஒவ்வொரு முறையும் நிற்கிறீர்கள்

தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது. அதனால் பெயருக்குப் பின்னால் வரும் இந்த இரண்டு குறிகளும் நமக்குப் புதிது. மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதலாவது, யார், எது போன்ற கேள்விச்சொல் எழுவாயாக நிற்கிறதா? அப்படியென்றால் எப்போதும் 'க'. 'தரெ க கிமஷித கா' என்றால் யார் வந்தது என்று பொருள். அதற்கான பதிலிலும் 'க'தான்: 'தனகா-ஸன் க கிமஷித'. இங்கே 'வ' வரவே வராது.

இரண்டாவது, அந்த வாக்கியம் தமிழில் 'எனக்கு' என்று தொடங்குமா? இது நம்மவர்களுக்கென்றே கிடைத்த குறுக்குவழி, ஆங்கிலப் புத்தகங்களில் பார்க்க முடியாது. எனக்கு மீன் பிடிக்கும், எனக்குக் காசு வேண்டும், எனக்கு ஜப்பானியம் புரியும், எனக்குத் தலை வலிக்கிறது, எனக்குத் தங்கை இருக்கிறாள், எனக்கு நேரம் இருக்கிறது. இவற்றில் மீன், காசு, ஜப்பானியம், தலை, தங்கை, நேரம் எல்லாமே ஜப்பானியத்தில் 'க' வாங்கும். 'ஸகன க ஸுகி டெஸ்', 'ஒகனெ க ஹொஷீ டெஸ்', 'நிஹொங்கொ க வகரிமஸ்', 'அதம க இதய் டெஸ்', 'இமோதொ க இமஸ்', 'ஜிகன் க அரிமஸ்'. மீனை நேசிக்கிறேன் என்று ஆங்கிலம் வழியாகப் போனவர்தான் 'ஸகன ஒ' என்று சிக்கிக்கொள்கிறார். முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. 'எனக்கு அவரைத் தெரியும்' என்பதில் வரும் 'ஷித்தெ இமஸ்' செயப்படுபொருளுக்கான 'ஒ'வைத்தான் வாங்கும். தமிழிலும் அங்கே 'ஐ' இருக்கிறது, கவனியுங்கள்.

மூன்றாவது, இப்போதுதான் கண்ணில் பட்ட செய்தியா, ஏற்கெனவே பேச்சில் இருக்கும் விஷயமா? சன்னலைப் பார்த்து 'மழை பெய்யுது' என்று சொன்னால் 'அமெ க ஃபுத்தெ இமஸ்'. பேச்சில் இருக்கும் ஒன்றை எடுத்து அதைப் பற்றிச் சொன்னால் 'வ'.

இன்னொரு விளைவும் உண்டு. மீன் பிடிக்குமா என்று கேட்டவரிடம் 'ஸகன வ ஸுகி டெஸ்' என்று சொன்னால், 'மீன் என்றால் பிடிக்கும், ஆனால்...' என்ற தொனி வந்துவிடலாம். விருந்துக்கு அழைத்தவர், வேறு எது பிடிக்காது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

## இடத்தைச் சொல்லும்போது 'நி', 'டெ' மாறிப்போகிறது

இங்கே தமிழ்தான் காலை வாருகிறது. சென்னையில் வசிக்கிறேன், சென்னையில் வேலை பார்க்கிறேன், பஸ்ஸில் போகிறேன், பஸ்ஸில் ஏறுகிறேன். நான்குக்கும் நமக்கு ஒரே 'இல்'. ஜப்பானியத்தில் இவை இரண்டாகப் பிரியும்.

ஒன்று ஓர் இடத்தில் இருக்கிறது, தங்குகிறது, போய்ச் சேர்கிறது என்றால் 'நி'. அந்த இடத்தில் ஒரு செயல் நடக்கிறது என்றால் 'டெ'. எனவே 'சென்னை நி ஸுன்டெ இமஸ்', ஆனால் 'சென்னை டெ ஹதரைதெ இமஸ்'. பஸ் வெறும் வாகனமாக இருந்தால் 'பஸு டெ இகிமஸ்'. ஏறும்போது அது போய்ச் சேரும் இடம், ஆகவே 'பஸு நி நொரிமஸ்'. தோக்கியோவின் யமனொதெ ரயிலில் ஏறினாலும் அதே 'நி'தான்.

'அரிமஸ்' வந்தாலே 'நி' என்று மனப்பாடம் செய்தவர்கள் ஓர் இடத்தில் தடுக்கி விழுவார்கள். பொருள் இருந்தால் 'நி', நிகழ்ச்சி நடந்தால் 'டெ'. ஜூலையில் கியோத்தோவில் நடக்கும் கியோன் திருவிழாவைச் சொல்லும்போது 'கியோன் மத்ஸுரி வ க்யோதொ டெ அரிமஸ்' என்பதே சரி. தமிழில் 'நடக்கிறது' என்று சொல்லத் தோன்றினால் 'டெ' போட்டுவிடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். 'ஆறு மணிக்கு' என்பது அப்படியே 'ரொகுஜி நி'. இதில் கிடைத்த தைரியத்தில் 'நாளைக்குப் போறேன்' என்பதை 'அஷித நி இகிமஸ்' என்று சொல்லிவிடுகிறோம். தவறு. 'அஷித இகிமஸ்' மட்டும் போதும். மணி, தேதி, ஆண்டு போலக் கடிகாரத்திலும் நாட்காட்டியிலும் குறிக்கக்கூடியவை 'நி' வாங்கும். நேற்று, நாளை, அடுத்த வாரம், போன வருஷம் போல இன்றிலிருந்து எண்ணிச் சொல்பவை வாங்காது. தினமும் என்பதும் அப்படியே.

அப்புறம், நண்பரைச் சந்தித்தேன் என்பதில் 'ஐ' இருக்கிறதே என்று 'ஒ' போடாதீர்கள். 'தொமொடச்சி நி ஐமஷித'. இதற்குத் தமிழ் உதவாது, பழகத்தான் வேண்டும்.

## வாக்கியங்கள் துண்டு துண்டாக வருகின்றன

எழுந்தேன். பிறகு பல் தேய்த்தேன். பிறகு காபி குடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு 'ஸொஷிதெ'. இது ஆங்கிலப் பழக்கம். தமிழில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. காலையில் எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்துக் கிளம்புகிறேன் என்போம். ஜப்பானியமும் அதே: 'அஸ ஒகிதெ, ஹ ஒ மிகைதெ, கோஹீ ஒ நொன்டெ, டெககெமஸ்'. எழுந்து, தேய்த்து, குடித்து என்ற வினையெச்சத்தின் வேலையைத்தான் அவர்களின் 'தெ' வடிவம் செய்கிறது. காலத்தைக் கடைசி வினை மட்டும் சொல்லும் என்பதுகூட நம் வழக்கமே.

அமைப்பு புரிந்தும் வடிவம் வாயில் வரவில்லை என்றால், தடங்கல் வினை வகையில் இருக்கிறது. 'கு'வில் முடிந்தால் 'இதெ': 'ககு' 'கைதெ' ஆகும். 'மு', 'பு', 'நு' மூன்றும் 'ன்டெ': 'நொமு' 'நொன்டெ' ஆகும். 'ஸு' 'ஷிதெ' ஆகும். 'உ', 'த்ஸு' இரண்டும் 'த்தெ'. 'ரு'வில்தான் இரண்டு வகை. 'தபெரு' 'தபெதெ' ஆகிறது, ஆனால் 'கயெரு', 'ஹைரு', 'ஹஷிரு', 'ஷிரு' எல்லாம் 'கயெத்தெ', 'ஹைத்தெ', 'ஹஷித்தெ', 'ஷித்தெ' என்று இரட்டிக்கும். 'கிரு' அணிவது என்றால் 'கிதெ', வெட்டுவது என்றால் 'கித்தெ'. 'இகு' மட்டும் விதியை மீறி 'இத்தெ' ஆகும். அட்டவணையை ஒப்பிப்பதைவிட, உங்கள் சொந்தக் காலைப்பொழுதைத் தினமும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். அதில் இந்த வகைகளில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

ஓர் எல்லை உண்டு. காரணம் சொல்லி ஒன்றைக் கேட்கும்போது 'தெ' போதாது. 'அத்ஸுகுதெ, மடொ ஒ அகெதெ குடஸய்' என்பது இயல்பாக இருக்காது. 'அத்ஸுய் நொடெ, மடொ ஒ அகெதெ குடஸய்' என்க வேண்டும். வெக்கையாக இருப்பதால் சன்னலைத் திறங்கள் என்று நாமும் 'ஆல்' போடுகிறோம் அல்லவா, அதே இடம்.

## நீளமான வடிவங்கள் மனதில் நிற்க மறுக்கின்றன

'நகெரெப நரிமஸென்' என்பதை ஒரே கட்டியாக விழுங்கப் பார்த்தால் தொண்டையில் நிற்கும். பிரித்துப் பாருங்கள். 'இக-நகெரெப' போகாவிட்டால், 'நரிமஸென்' ஆகாது. போகாவிட்டால் ஆகாது, அதாவது போயாக வேண்டும். 'இத்தெ மொ ஈ' என்றால் போனாலும் நல்லது, அதாவது போகலாம். 'மித கொதொ க அரிமஸ்' என்றால் பார்த்தது உண்டு. இந்தக் கடைசி வடிவத்துக்கு ஆங்கில விளக்கம் அரைப்பக்கம் ஓடும். தமிழில் இரண்டு சொல்.

துணைவினைகள் இன்னும் அழகு. 'மிரு' என்றால் பார், 'தபெதெ மிமஸ்' சாப்பிட்டுப் பார்க்கிறேன். 'ஒகு' என்றால் வை, 'கத்தெ ஒகிமஸ்' வாங்கி வைக்கிறேன். 'வஸுரெதெ ஷிமைமஷித' மறந்துவிட்டேன், அந்த 'விட்டேன்'-இல் இருக்கும் வருத்தம் உட்பட. 'மொத்தெ குரு' கொண்டு வா, 'மொத்தெ இகு' கொண்டு போ. என்று நினைக்கிறேன் என்பதில் உள்ள 'என்று', அங்கே 'தொ': 'தொ ஒமொய்மஸ்'.

சின்ன ஒட்டுகளும் அப்படித்தான். 'மொ' நம் 'உம்': 'வதஷி மொ' நானும். 'தரெ-க' யாரோ, 'நனி-க' ஏதோ. இந்த 'க' கேள்விக்கு வரும் வல்லொலி. 'தரெ மொ இமஸென்' யாரும் இல்லை. ஆனால் யாரும் வரலாம் என்பதற்கு 'தரெ மொ' போட்டால் தவறு, அங்கே 'தரெ டெமொ' வர வேண்டும். நம் 'யாரும்' இரண்டு பக்கமும் போகும். அவர்களின் 'தரெ மொ' பேச்சில் பெரும்பாலும் இல்லை, மாட்டேன் பக்கம்தான் போகும்.

## 'தெ இமஸ்' சொன்னால் அவர் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்

புத்தகத்தில் 'தெ இமஸ்' என்றால் 'கொண்டிருக்கிறேன்' என்று போட்டிருக்கும். அதை நம்பி, தனகா எங்கே என்ற கேள்விக்கு வந்த 'ஓஸக நி இத்தெ இமஸ்' என்ற பதிலை 'ஓசாகாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்' என்று எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது 'போயிருக்கிறார்'. தனகா ஏற்கெனவே ஓசாகாவில் இருக்கிறார்.

தமிழில் 'கொண்டிரு', 'இரு' என்று இரண்டு துணைவினைகள் செய்யும் வேலையை அங்கே ஒரே வடிவம் செய்கிறது. எதை எடுப்பது என்பதை வினையே சொல்லும். சாப்பிடுவது, எழுதுவது, ஓடுவது போல நேரம் பிடித்து நடக்கும் செயலுக்குக் 'கொண்டிரு'. போவது, வருவது, திறப்பது, இறப்பது, திருமணமாவது போல ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் வினைக்கு 'இரு'. 'மிஸெ க அய்தெ இமஸ்' கடை திறந்திருக்கிறது. 'கெக்கொன் ஷிதெ இமஸ்' திருமணமாகியிருக்கிறது. மண்டபத்தில் நின்றுகொண்டு சொல்லும் வாக்கியம் அல்ல அது.

இதே கோளாறின் இன்னொரு முகம், சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு வரும் பதில். 'மோ தபெமஷித கா' என்று கேட்டால், இன்னும் சாப்பிடவில்லை என்பதற்கு 'மட தபெமஸென் டெஷித' என்று சொல்லாதீர்கள். அப்போது சாப்பிடவில்லை, இன்னும் சாப்பிடவில்லை என்ற இரண்டையும் நம் 'இல்லை' மூடிவிடுவதால் வரும் தவறு இது. சாப்பிடாத நிலை இன்னும் தொடர்கிறது, ஆகவே 'மட தபெதெ இமஸென்'. சுருக்கமாக 'மட டெஸ்' என்றாலே போதும். தெரியும் என்பது 'ஷித்தெ இமஸ்', தெரியாது என்பது மட்டும் 'ஷிரிமஸென்'. இது விதிவிலக்கு, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

## பெயரடையில் 'ந', 'நொ' தேவையில்லாமல் நுழைகிறது

'ந' என்பது நம் 'ஆன', 'நி' என்பது 'ஆக'. 'ஷிஸுக ந ஹெய' அமைதியான அறை, 'ஷிஸுக நி' அமைதியாக. 'இ'யில் முடியும் பெயரடைகள் பெரிய, புதிய போலத் தாமே நிற்கும், எதுவும் ஒட்டாது. 'கிரெய்' போன்ற சில மட்டும் 'இ' ஒலியில் முடிந்தாலும் 'ந' வகை, 'கிரெய் ந ஹன' என்றுதான் வரும். சுவையாக இருந்தது என்பது 'ஒய்ஷிகத்த டெஸ்', 'ஒய்ஷீ டெஷித' அல்ல.

நேற்று வாங்கிய புத்தகம் என்பதை 'கினோ கத்த நொ ஹொன்' என்று சொல்பவர்கள் பலர். 'வாங்கிய' என்ற பெயரெச்சத்துக்கும் 'புத்தகம்' என்பதற்கும் நடுவில் தமிழில் ஏதாவது வருகிறதா? அங்கேயும் வராது. 'கினோ கத்த ஹொன்', முடிந்தது.

## கொடுத்தது யார், வாங்கியது யார் என்று கேட்பவருக்குக் குழப்பம்

இந்த ஒன்றுக்கு நிறைய நேரம் கொடுங்கள். இலக்கணத்தோடு மரியாதையும் கலந்த இடம் இது.

கொடுப்பதற்கு ஜப்பானியத்தில் இரண்டு வினை. என்னிடமிருந்து வெளியே போனால் 'அகெரு'. என் பக்கம் வந்தால் 'குரெரு'. தனகா எனக்குப் புத்தகம் கொடுத்தார் என்பதற்கு 'அகெமஷித' வரவே வராது. 'தனகா-ஸன் க ஹொன் ஒ குரெமஷித' என்றால், 'எனக்கு' என்று சொல்லாமலேயே எனக்கு என்று புரிந்துவிடும்.

இந்தத் திசை உணர்வு தமிழுக்கு அந்நியமல்ல. தருதல், வருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுக்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆக 'குரெரு'வைத் 'தா'வின் பக்கத்தில் வையுங்கள். ஒரே வேறுபாடு: உனக்குத் தருகிறேன் என்பதில் பொருள் என்னிடமிருந்து போவதால் ஜப்பானியத்தில் அது 'அகெரு'. 'குரெரு' எனக்கும் என் வீட்டாருக்கும் வருவதற்கு மட்டும்.

மூன்றாவது வினை 'மொரவ்', பெறுவது. இதில் பெறுபவர்தான் எழுவாய், கொடுத்தவருக்கு 'நி' வரும். 'தனகா-ஸன் நி ஹொன் ஒ மொரய்மஷித' என்றால் தனகாவிடமிருந்து பெற்றேன். 'நி'யைக் 'கு' என்று பழகிய காதுக்கு இது தனகாவுக்கு என்று கேட்கும். திணறினால் 'நி'க்குப் பதில் 'கரா' போடுங்கள், அதுவும் சரியே.

உதவியைச் சொல்லும்போது இவை 'தெ' வடிவத்தோடு சேரும். ஒருவர் வழி சொன்னார் என்றால் வெறும் 'ஒஷியெமஷித' மொட்டையாக இருக்கும். 'ஒஷியெதெ குரெமஷித' என்றால்தான் அந்த உதவி எனக்குக் கிடைத்தது என்ற நன்றியும் சேர்ந்து வரும். சொல்லித் தந்தார் என்று நாம் சொல்வது போல. மறுபக்கம் கவனம் தேவை. பெரியவரிடம் போய், பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்ற எண்ணத்தில் 'மொத்தெ அகெமஸ்' என்று சொன்னால், உபகாரம் செய்வதாகச் சொல்லிக்காட்டுவது போல ஒலிக்கும். 'ஒமொச்சி ஷிமஸ்' என்று சொல்லுங்கள்.

## இலக்கணம் சரி, ஆனாலும் மரியாதைக் குறைவாகப் படுகிறது

பேச்சில் 'வதஷி வ', 'அனத வ' எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்க நாம் 'நீங்கள்' சேர்ப்பதில்லை, அங்கும் தேவையில்லை. குறிப்பாக 'அனத'வைக் கைவிடுங்கள். எதிரில் இருப்பவரின் பெயரோடு 'ஸன்' சேர்த்து அழைப்பதே வழக்கம். தன் பெயரோடு 'ஸன்' சேர்க்கக் கூடாது. அவருடைய அம்மா 'ஒகாஸன்', வெளியாரிடம் பேசும்போது உங்கள் அம்மா 'ஹஹ'.

மேலதிகாரியிடம் காபி குடிக்க ஆசையா என்ற பொருளில் 'நொமிதய் டெஸ் கா' என்று கேட்பதும் நெருடும். 'கோஹீ வ இகக டெஸ் கா' என்றால் நயமாக இருக்கும். அடுத்தவர் உணர்வை நேரடியாக அறுதியிட்டுச் சொல்வதும் அங்கே வழக்கமில்லை. அவருக்குக் குளிர்கிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். ஜப்பானியத்தில் 'ஸமுஸோ டெஸ்' என்று, குளிர்வது போலத் தெரிகிறது எனச் சொல்வார்கள்.

எதிர்மறைக் கேள்விக்கு மட்டும் தமிழை முழுதாக நம்பலாம். வரலையா என்றால் ஆமா, வரலை என்கிறோம். அவர்களும் 'ஹை, இகிமஸென்' என்பார்கள். 'இஷ்ஷொ நி இகிமஸென் கா' என்பது சேர்ந்து போகலாமா என்ற அழைப்பு என்பதால் அது வேறு. போகலாம் என்றால் 'ஹை, இகிமஷோ'. மறுப்பதானால் 'ஸுமிமஸென், சொத்தொ...' என்று இழுத்து நிறுத்தினாலே புரிந்துகொள்வார்கள்.

## படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை

இலக்கணம் போதவில்லை என்று நினைத்து அடுத்த புத்தகம் வாங்கப் போவார்கள். வேண்டாம். தெரிந்த வடிவங்களே பேச்சில் சுருங்கி வருகின்றன. மறந்துவிட்டேன் பேச்சில் மறந்துட்டேன் ஆவது போல, 'வஸுரெதெ ஷிமத்த' அங்கே 'வஸுரெச்சத்த' ஆகிறது. 'தபெதெ இரு' 'தபெதெரு' ஆகும். 'கத்தெ ஒகு' 'கத்தொகு' ஆகும். 'இகநகெரெப' 'இகநக்ய' என்று சுருங்கி, பின்னால் வரும் 'நரிமஸென்' பெரும்பாலும் காணாமலே போகும். 'டெ வ' 'ஜ' ஆகும்.

இந்த ஐந்தையும் எழுதி வைத்துக்கொண்டு, ஜப்பானிய சப்டைட்டிலோடு ஒரு நாடகத்தின் ஐந்து நிமிடப் பகுதியைப் பாருங்கள். சுருங்கிய வடிவம் வரும்போதெல்லாம் நிறுத்தி, அதன் முழு வடிவத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். அது தடையின்றி வந்த பிறகு எதிர்த்திசையில் போங்கள்: முழு வடிவத்தைச் சொல்லி, அதைச் சுருக்குங்கள். ஆனால் அலுவலகத்திலும் புதியவர்களிடமும் நீங்கள் பேசும்போது முழு வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கிய வடிவம் நெருங்கியவர்களுக்கானது.